பாமாயிலுக்குக் கிடைத்த பிறப்புச் சான்று



இந்தியாவும் இலங்கையும் தங்களுக்குள் நடக்கும் வியாபாரத்தின் கட்டுதிட்டங்களைத் தளர்த்துவது பற்றிப் பேச ஆரம்பித்துக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தான தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சரக்கு மட்டும் போதாது, சேவையும் முதலீடும் சேர வேண்டும் என்று 'சீப்பா' என்ற பெயரில் அடுத்ததைப் பேசினார்கள். 2008இல் கையெழுத்தாகிவிடும் என்றிருந்த நேரத்தில் கொழும்பில் எழுந்த எதிர்ப்பில் அது நின்றுபோனது. 2016இல் அதற்கே 'எட்கா' என்று புதுப்பெயர் வைத்தார்கள். 2018க்குப் பிறகு கிடப்பில் கிடந்த பேச்சை 2023இல் தூசி தட்டி எடுத்தார்கள். 2024 டிசம்பரில் இலங்கை அதிபர் டில்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கையும் பேச்சு தொடரும் என்றுதான் சொல்கிறது.

இந்தப் பேச்சுகளில் ஒரு சடங்கு உண்டு. 'சம்பந்தப்பட்ட தரப்பினரின் கருத்துகள் கேட்கப்படும்' என்பார்கள். அந்தத் தரப்பினர் யாரென்று பார்த்தால் டில்லியில் தொழில் வணிகச் சபைகள், கொழும்பில் வர்த்தகச் சங்கங்கள், ஏற்றுமதியாளர்கள், இறக்குமதியாளர்கள், கப்பல் முகவர்கள், ஆய்வு நிறுவனத்து அறிஞர் பெருமக்கள். அறிவிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். கெடு சில வாரம்தான். பதில் எழுதுகிறவனுக்குச் சுங்க அட்டவணையின் எட்டு இலக்க எண் தெரிந்திருக்க வேண்டும். கெடு முடிந்ததும் 'பொதுமக்கள் கருத்துக் கேட்கப்பட்டது' என்று கோப்பில் ஒரு வரி ஏறிவிடும்.

பொதுமக்கள்னா யாருங்க? நுவரெலியாவில் விடிகாலைப் பனியில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டுகிறவள், தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவன், கடற்கரை மணலில் கருவாடு காயப்போட்டு நாயையும் காக்காயையும் விரட்டிக் கொண்டிருப்பவள், பீடி சுற்றிச் சுற்றி விரல் தேய்ந்தவள், இவர்களெல்லாம் எந்தத் தரப்பு? இரண்டு நாட்டுக்கும் நடுவில் போய்வரும் சரக்கில் பாதி இவர்கள் கைபடாமல் கப்பல் ஏறுவதில்லை. ஆனாலும் இவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

கேட்க ஆளிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2016ஆம் ஆண்டே சாட்சி. எட்கா வந்தால் இந்திய டாக்டர்களும் கணினிப் பொறியாளர்களும் வந்து குவிந்துவிடுவார்கள் என்று இலங்கையின் அரசு மருத்துவ அதிகாரிகள் சங்கமும் தகவல் தொழில்நுட்பத் துறையினரும் கொடி பிடித்தார்கள். அரசாங்கம் இறங்கி வந்து சமாதானம் சொன்னது. அந்த டாக்டர்கள் மீது நமக்குக் கோபமில்லை. அவர்கள் பிழைப்புக்கு அவர்கள் குரல் கொடுத்தார்கள். அதே நேரத்தில் 1000 ரூபாய் நாட்கூலிக்காக ரோட்டில் நின்ற தோட்டத் தொழிலாளிகளுக்கு அந்த ஆயிரம் சட்டப்படி அறிவிக்கப்பட 2021 வரை ஆனது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறோம்.

நம் பக்கத்திலேயே சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். "வன்கொடுமை வழக்கு எழுதவே பக்கம் பத்தல. இதுல சுங்கவரி, இறக்குமதி எல்லாம் நமக்கெதுக்கு? அது செட்டியாரும் மார்வாடியும் பேச வேண்டியது." இந்தப் பேச்சே நமக்குப் பழக்கிவிடப்பட்டது. சேரிக்காரன் சேரியைப் பற்றி மட்டும் பேசணும், கஜானாவைப் பற்றி மற்றவன் பேசிக்கொள்வான் என்கிற பங்கீடு அது. அதைத் தாண்டிப் போனவர்தான் அண்ணல் அம்பேத்கர். 1923இல் அவர் வெளியிட்ட முதல் பெரிய நூல்களில் ஒன்று ரூபாயின் சிக்கலைப் பற்றியது. நாணய மாற்று விகிதத்தை ஏற்றி இறக்கினால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று கணக்குப் போட்டவர் அவர். அந்த வாரிசுகளுக்கு சுங்க அட்டவணை தீண்டத்தகாதது அல்ல.

அப்படியே அந்த அட்டவணையைக் கொஞ்சம் புரட்டுவோம். ஒப்பந்தத்தில் 'மூல விதி' என்று ஒன்று இருக்கிறது. இலங்கையிலிருந்து வரும் சரக்குக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் அது இலங்கையில் பிறந்த சரக்கு என்று நிரூபிக்க வேண்டும். வெளிநாட்டு மூலப்பொருளில் செய்தது என்றாலும் பரவாயில்லை, கப்பலேற்றும் விலையில் 35 சதவீதம் இலங்கையில் கூடிய மதிப்பாக இருந்தால் போதும். இந்திய மூலப்பொருள் பத்து சதவீதம் சேர்ந்திருந்தால் 25 சதவீதமே போதும். அதற்கொரு சான்றிதழ் தருவார்கள். சரக்கின் பிறப்புச் சான்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் வந்த சில வருஷங்களில் நடந்த கூத்து சுவையானது. இந்தியாவில் பாமாயிலுக்கு இறக்குமதி வரி அதிகம், இலங்கையில் குறைவு. உடனே முதலாளிகள், அதிலும் இந்திய முதலாளிகள், இலங்கையில் வனஸ்பதி ஆலைகளை நிறுவினார்கள். தென்கிழக்கு ஆசியாவில் பிறந்த பாமாயில் கொழும்பில் இறங்கி, ஆலைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, வனஸ்பதியாகி, 'இலங்கையில் பிறந்தது' என்ற சான்றோடு வரியில்லாமல் இந்தியாவுக்கு வந்தது. தாமிரமும் அப்படியே: வெளிநாட்டுக் கழிவுத் தாமிரம் இலங்கையில் உருகி இலங்கைக்காரனாக மறுபிறவி எடுத்தது. இந்திய ஆலைக்காரர்கள் கூப்பாடு போட்ட பிறகு 2006இல் வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 டன் என்று உச்சவரம்பு வைத்தார்கள்.

எங்கிருந்தோ வந்த எண்ணெய், சில வாரத்தில், 35 சதவீதத்தில் இலங்கைப் பிறவி ஆகிவிட்டது. இப்போது இதே தீவில் மனிதர்களுக்கு இருந்த மூல விதியைப் பாருங்கள்.

1820கள் தொடங்கிக் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப்போனது யாரை? பெரும்பாலும் நம் சனங்களை. பறையர், பள்ளர், சக்கிலியர் என்று ஊர் ஒதுக்கிவைத்தவர்களை. பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் ஒரு பக்கம் தள்ள, கங்காணியின் முன்பணம் மறுபக்கம் இழுத்தது. தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியெங்கும் செத்தார்கள். இருநூறாண்டு நினைவாக 2023இல் மலையகத் தோழர்கள் அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தகர டிக்கெட்' முறை வந்தது. கூலியின் கழுத்தில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரவில்லையைத் தொங்கவிட்டு, வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதினார்கள். சரக்குக்கு முகவரிச் சீட்டு கட்டுவது போல. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 ஆனது. இரு நாட்டுக்கும் இடையில் தடையில்லாமல் நடந்த முதல் பெரிய வணிகம் நம்மை வைத்துத்தான் நடந்தது, தோழர்களே. அதற்கு எந்த அதிகாரியும் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டியிருக்கவில்லை.

1948இல் சுதந்திரம் வந்தது. கூடவே இலங்கைக் குடியுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பனைப் பெற்ற தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று வேண்டும். லயத்து அறையில் பிறந்த பிள்ளைக்கே பத்திரம் இல்லாத காலத்தில் பூட்டனுக்குப் பத்திரம் எங்கே போய்த் தேடுவது? அடுத்த வருஷம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென்று இன்னொரு சட்டம். அதன்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுப் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. வாக்குரிமையும் போனது. நாலு தலைமுறையாக அந்த மண்ணை வெட்டிக் கொத்தி, அந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்தவர்களின் மதிப்பு 35 சதவீதம் தேறவில்லை போலிருக்கிறது.

பிறகு 1964 அக்டோபர் 30. சிறிமாவோவும் சாஸ்திரியும் டில்லியில் போட்ட ஒப்பந்தம். 9,75,000 பேர் நாடற்றவர்கள் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாக 75,000, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். இந்த எண்களைப் படிக்கும்போது மூட்டைக் கணக்கு மாதிரி இல்லை? மீதியையும் சரிபாதியாகப் பிரித்த நேர்மையைப் பாருங்கள்! அந்த மக்களிடம் வாக்கெடுப்பு இல்லை, கருத்துக் கேட்பு இல்லை. எண்ணை முதலில் எழுதிவிட்டு மனு வாங்கினார்கள். மனு வந்தபோது இங்கேயே இருக்கிறோம் என்றவர்கள் ஒதுக்கிய கணக்கை மீறினார்கள். இந்தியாவுக்குப் போகிறோம் என்றவர்கள் குறித்த கணக்கை எட்டவில்லை. கடைசி ஆள் வரைக்கும் குடியுரிமை தரும் சட்டம் இலங்கையில் வர 2003 ஆனது. தமிழ்நாட்டு முகாம்களில் தங்கிப்போன மலையகத்தாரில் பலர் அதற்குப் பிறகும் எந்த நாட்டுப் பத்திரமும் இல்லாமல் இருந்தார்கள். 2019இல் வந்த இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பக்கத்து நாடுகளைப் பட்டியல் போட்டபோது இலங்கையை விட்டுவிட்டது.

ஆக, பக்கத்து நாட்டோடு ஒப்பந்தம் என்று யாராவது சொன்னால் நமக்கு முதலில் வரும் சந்தேகம் வெறும் வறட்டுப் பிடிவாதம் இல்லை. எங்களக் கேக்காம எழுதின ஒப்பந்தம் என்னென்ன செஞ்சுச்சுன்னு எங்க பாட்டன் பாட்டிக்குத் தெரியும்.

தாயகம் திரும்பியவர்கள் என்று பெயர் சூட்டி மண்டபத்தில் இறக்கியவர்களுக்குக் கொடுத்த மறுவாழ்வில் பெரும்பகுதி 'வியாபாரக் கடன்'. கொழுந்து கிள்ளவும் கவ்வாத்து வெட்டவும் தெரிந்த கைக்குக் கடைக்கல்லா. எந்த மகானுபாவர் யோசனையோ தெரியவில்லை. பணத்தை இடைத்தரகன் தின்றான், கடை படுத்தது, கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கொத்தடிமைகளாகப் பலர் சிக்கினார்கள். கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள் நீலகிரிக்குப் போனார்கள். 1968இல் அவர்களுக்காகவே வனத்துறை தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அது 1976இல் டான்டீ என்ற அரசுக் கழகமானது. கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் அந்தத் தோட்டங்களில் இரண்டு தலைமுறை முதுகொடிந்தது. 2022இல் கழகம் நஷ்டத்தில் இருக்கிறது என்று தோட்ட நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தபோது அந்தத் தொழிலாளர்கள் மறுபடியும் 'நாங்க எங்க போறது?' என்று கேட்க வேண்டி வந்தது.

இப்போது ஒப்பந்தத்தின் தேயிலைப் பகுதிக்கு வருவோம். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ இலங்கைத் தேயிலை சலுகை வரியில் இந்தியாவுக்கு வரலாம், தொடக்கத்தில் கொச்சி, கொல்கத்தா இரண்டு துறைமுகம் வழியாக மட்டும் என்று எழுதினார்கள். பச்சைத் தேயிலை விலை 1990களின் கடைசியில் விழுந்து கிடந்த நேரம். சிலோன் தூள் வந்தால் செத்தோம் என்ற பயம் நீலகிரி முழுக்க இருந்தது. நடந்தது என்னவென்றால், அந்த ஒதுக்கீட்டில் பெரும்பகுதி பயன்படாமலே போனது. இலங்கைத் தேயிலைக்கு ருஷ்யாவும் துருக்கியும் ஈராக்கும் நல்ல விலை தருகிறபோது அது ஏன் குன்னூருக்கு வருகிறது? பயம் மட்டும் மிஞ்சியது. அந்தப் பயத்தைக் காட்டித் தோட்ட முதலாளி இங்கே கூலியைப் பிடித்து வைத்தான். இந்தியத் தேயிலை மலிவு, கென்யா மலிவு, உலகச் சந்தையில் நாம் நிற்க முடியாது என்று சொல்லி அங்கே கம்பெனிக்காரன் கூலியைப் பிடித்து வைத்தான். கிலோ குறைந்தால் 'அரைப் பேர்' போட்டு அனுப்பினான்.

அட்டனில் அக்கா பறிக்கும் கொழுந்துக்கும் கூடலூரில் தங்கச்சி பறிக்கும் கொழுந்துக்கும் போட்டி என்கிறார்கள். 1964இல் ஒரே லயத்திலிருந்து இரண்டாகப் பிய்த்தெறிந்த குடும்பம் அது. அக்காவிடம் தங்கச்சியைக் காட்டி, தங்கச்சியிடம் அக்காவைக் காட்டிக் கூலியை அடக்குகிற இந்த ஏற்பாட்டை எந்தச் சுங்க அட்டவணையிலும் எழுதவில்லை. ஆனால் அதன் மேல்தான் அட்டவணை உட்கார்ந்திருக்கிறது.

அதற்காக எல்லாக் கதவையும் இழுத்துப் பூட்டு என்று இவ்விதழ் சொல்லவில்லை. பூட்டு இருந்தால் யார் பிடிபடுகிறார்கள் என்றும் பார்க்கிறோம். 2019 கடைசியில் இலங்கை மஞ்சள் இறக்குமதிக்குத் தடை போட்டது. அதன்பிறகு ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் மஞ்சள் மூட்டை பிடிபடாத மாதம் அபூர்வம். பீடி இலைக்கும் அங்கே கடும் வரி, இங்கே கடத்தல். பத்திரிகைப் படத்தில் மூட்டைக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நிற்பவன் படகு ஓட்டியவனும் சுமை தூக்கியவனும்தான். சரக்கின் சொந்தக்காரன் முகத்தை எந்தப் படத்திலும் பார்த்த நினைவில்லை. கருவாட்டுக்கு, வெங்காயத்துக்கு, வத்தலுக்கு இலங்கை 2007இல் 'விசேட பண்ட அறவீடு' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மற்ற வரிகளுக்குப் பதிலாக ஒரே வரி. ராத்திரியோடு ராத்திரியாக வர்த்தமானியில் ஏற்றலாம், இறக்கலாம். இந்தியா மட்டும் யோக்கியமா? 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடாலென்று நிறுத்தியது. கொழும்புச் சந்தையில் விலை எகிறியது. இங்கே தரம்பிரிக்கும் கூடத்தில் நாட்கூலிப் பெண்களுக்கு வேலை போச்சு. இப்படித் திடீர் திடீரென்று மாறாத ஒரு விதி வேண்டும் என்பது கூலிக்காரனின் கோரிக்கையும்தான். பெரிய முதலாளி தடையைத் தாங்கிக்கொள்வான். அன்னன்னிக்கு வேலை பார்த்து அன்னன்னிக்குத் தின்கிறவனால் முடியாது.

ஆள் போக்குவரத்தும் அப்படித்தான். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் விட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடி, 1980களின் தொடக்கத்தில் யுத்தத்தோடு நின்றது. 2011இல் தூத்துக்குடி, கொழும்பு கப்பல் சில மாதம் ஓடி முடிந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பலைத் தொடங்கிவைத்துச் சில நாளிலேயே நிறுத்தி, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். அட்டனிலிருக்கும் அக்கா கூடலூருக்கு வந்துபோக இந்தக் கப்பல் எந்த அளவுக்கு உதவும், கட்டணமும் விசாவும் அவள் கூலியில் எத்தனை நாளைத் தின்னும் என்று எந்தப் பேச்சுவார்த்தைக் குழுவாவது கணக்குப் போட்டதா? சேவை வணிகம் என்று டாக்டரும் இன்ஜினியரும் போய்வருவதைப் பத்திப் பத்தியாக எழுதுகிறார்கள். கைச்சரக்கு கொண்டுபோய் விற்றுப் பிழைக்கும் 'குருவி'களுக்கு எத்தனை கிலோ வரை தொல்லையில்லாமல் விடுவது என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

இன்னொரு விஷயத்தில் நம் இடதுசாரி நண்பர்களோடு கொஞ்சம் முரண்பட வேண்டியிருக்கிறது. 1996இல் சிங்கப்பூரில் உலக வணிக அமைப்பின் அமைச்சர் மாநாட்டில், வணிக ஒப்பந்தத்தில் தொழிலாளர் தரத்தைச் சேர்க்கும் 'சமூக ஷரத்து' வந்தபோது இந்திய அரசு கடுமையாக எதிர்த்தது. பணக்கார நாடுகள் நம் சரக்கைத் தடுக்க ஏவும் தந்திரம் என்றது. தொழிற்சங்கங்கள் பலவும் ஆமோதித்தன. அந்தச் சந்தேகம் நியாயம்தான். அமெரிக்காக்காரன் நம் கூலிக்காகக் கண்ணீர் விடுகிறான் என்று நம்ப நாமென்ன பச்சைப் பிள்ளைகளா? ஆனால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் அந்த வாதம் எடுபடாது. இங்கே பணக்கார நாடு, ஏழை நாடு என்ற இடைவெளி இல்லை. இரு பக்கமும் கொழுந்து பறிக்கிறவள் ஒரே சாதி, ஒரே வறுமை. இருவருக்கும் பொதுவாக ஒரு குறைந்தபட்சக் கூலி அளவு, லயத்து அறைக்குப் பதில் வீடும் நிலப் பட்டாவும், வேலையில் சாதிப் பாகுபாடு காட்டும் நிறுவனத்தின் சரக்குக்குச் சலுகை ரத்து என்று எழுதினால் தடைபடப்போவது யார் வணிகம்? சரக்கு எங்கே பிறந்தது என்று சான்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது எந்தக் கூலியில் பிறந்தது என்று கேட்க வாய் வராதா? ஆடைக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. 80 லட்சம் உருப்படி வரலாம், அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும் என்று. துணி யாருடையது என்பதற்கு நிபந்தனை உண்டு, தைத்த கை யாருடையது என்பதற்கு இல்லை.

இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது? இங்கே ஒரு சட்டச் சிக்கலையும் மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டோடு போடும் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் முன்ஒப்புதல் கட்டாயமில்லை. அமைச்சரவை முடிவு போதும். சட்டம் இயற்றும் முன் வரைவை வெளியிட்டு, எளிய மொழியில் விளக்கம் தந்து, குறைந்தது முப்பது நாள் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2014இல் மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. அதுவும் சட்டங்களுக்குத்தான், ஒப்பந்தங்களுக்கு இல்லை. ஆக நமக்குக் கதவு எதுவும் திறந்து வைக்கப்படவில்லை. தட்டித்தான் ஆக வேண்டும்.

தட்டிய வரலாறு நமக்கு உண்டு. 1890களில் இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, நடத்தினால் ஆதிக்க சாதிக்காரன் கையில் அதிகாரம் குவியும் என்று இரட்டைமலை சீனிவாசன் 3,412 பேர் கையெழுத்தோடு 112 அடி நீள மனுவை லண்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அன்று நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? யாரும் அவரை அழைத்துக் கருத்துக் கேட்கவில்லை. 1919இல் சவுத்பரோ குழுவின் முன் இருபத்தேழு வயது அம்பேத்கர் வாக்குமூலம் கொடுத்தது தீண்டத்தகாதாருக்கென்று தனியாகக் கணக்கு வேண்டும் என்பதற்காக.

சமீப காலத்திலும் ஒன்று நடந்தது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவறிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது மத்திய அரசு. அந்த ஜூன் 30 அன்று டில்லி உயர் நீதிமன்றம், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் மொழிபெயர்த்து வெளியிடச் சொன்னது, கெடுவையும் நீட்டியது. லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. காட்டுக்கும் ஆற்றுக்கும் பொருந்துகிற நியாயம் கடலுக்கும் சந்தைக்கும் பொருந்தும். எட்கா வரைவு எதுவானாலும் கையெழுத்துக்கு முன் தமிழிலும் சிங்களத்திலும் மலையாளத்திலும் வெளியாக வேண்டும். தூத்துக்குடி, மண்டபம், கூடலூர், அட்டன், மன்னார் ஆகிய ஊர்களில் நேரடிக் கூட்டம் நடக்க வேண்டும், மாவட்டத் தலைநகரத்து ஏசி ஓட்டலில் அல்ல. கைநாட்டுக்காரர் வாயால் சொன்னதையும் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். எந்தக் கருத்தை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று பதில் தர வேண்டும். இந்த நான்கையும் மனுவாக எழுதி வணிக அமைச்சகத்துக்கும் தமிழக அரசுக்கும் அனுப்பவிருக்கிறோம். மலையகத் தோழர்கள் கொழும்பில் இதையே செய்ய முன்வந்தால் இரண்டு மனுவையும் ஒரே வாசகத்தில் எழுதலாம்.

அரசு கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்து, இவ்விதழே கருத்துக் கேட்கிறது. சரக்கு போவதும் வருவதும் உங்கள் வேலையை, கூலியை, உறவை எப்படித் தொடுகிறது என்று எழுதுங்கள். கட்டுப்பாடு தளர்ந்தால் வேலை கூடியதா, குறைந்ததா, யார் கைக்குப் பணம் போனது என்று எழுதுங்கள். எந்தக் கட்டுப்பாட்டை எடுக்க வேண்டும், எதை எடுக்கவே கூடாது என்று எழுதுங்கள். கருவாட்டுக்காரம்மாவும் துறைமுகச் சுமைதூக்கியும் டான்டீ தொழிலாளியும் முகாமில் இருப்பவரும் குருவியும் எழுத வேண்டும். கவிதையாக வேண்டாம். கிலோ என்ன, கூலி என்ன, எத்தனை மணி நேரம், பிடித்தம் எவ்வளவு, சரக்கு எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்ததை எழுதினால் போதும். எட்டு இலக்க எண்ணை நாங்கள் தேடிப் போட்டுக்கொள்கிறோம்.

எழுத வராதவர்களிடம் மாணவத் தோழர்கள் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வாருங்கள். அவர்கள் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்ற வேண்டாம். 'இஞ்ச', 'அங்கிட்டு' எல்லாம் அப்படியே இருக்கட்டும். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, சரி என்றால் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். பெயர் வெளியானால் வேலை போகும் என்றால் பெயரை விட்டுவிட்டு ஊரையும் வேலையையும் மட்டும் குறியுங்கள். வருகிற கடிதங்களில் இடமிருக்கும் அளவுக்கு அடுத்த இரண்டு இதழ்களில் அச்சிடுவோம். அச்சாகாதவையும் மனுவோடு இணைப்பாகப் போகும். தபால் செலவுக்கு முடிந்தவர்கள் ஸ்டாம்ப் வைத்து அனுப்பினால் உதவியாக இருக்கும்.